குடல் செருகல் திரும்ப வந்தபோது

குடலுக்குள் குடல் நுழைந்து மாட்டிக்கொள்ளும் குடல் செருகலுக்கு இனிமா மூலம், அதாவது ஆசனவாய் வழியாகத் தண்ணீரோ காற்றோ செலுத்தி, வைத்தியம் முடிந்து வீட்டுக்கு அனுப்பப்படும் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது மறுபடியும் வருகிறது. அந்தப் பத்தில் ஒருவன் என் மகன். எட்டாம் மாதத்தில் முதல் முறை வந்தது. சரிசெய்து வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள் ராத்திரியே திரும்ப வந்தது. ஒன்றேகால் வயதில் இன்னொரு தடவை. எல்லாமே ஆபரேஷன் இல்லாமல் சரியாகிவிட்டன. இப்போது அவனுக்கு மூன்று வயது தாண்டிவிட்டது.

முதல் தடவை வருவதைப் பற்றி டாக்டர்கள் விளக்கமாகச் சொல்கிறார்கள். "திரும்பவும் வரலாம்" என்பது மட்டும் டிஸ்சார்ஜ் பேப்பரில் ஒரு வரியாக, பில் கட்டுகிற அவசரத்தில் கண்ணில் படாமல் போய்விடுகிறது. அந்த ஒரு வரியைக் கொஞ்சம் விரித்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். படிக்கிறவர்களில் யாராவது இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தால் நிதானமாகப் படியுங்கள், பயப்படாமல் படியுங்கள்.

முழுக்கைச் சட்டையைக் கழற்றும்போது கைப்பகுதி உள்பக்கமாகச் சுருண்டு மாட்டிக்கொள்ளும் அல்லவா, அந்த மாதிரி சிறுகுடலின் கடைசிப் பகுதி பெருங்குடலுக்குள் நுழைந்து மாட்டிக்கொள்வதுதான் இது. குடல் அசையும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் உள்ளே இழுக்கப்படும். நுழைந்த பகுதியின் ரத்தக்குழாய்கள் நசுங்கி, முதலில் வீக்கம், அப்புறம் சளியும் ரத்தமுமாகக் கசிவு, நேரம் போகப்போக அந்தக் குடலே அழுகிவிடும். மூன்று மாதத்திலிருந்து மூன்று வயது வரை உள்ள குழந்தைகளுக்குத்தான் பெரும்பாலும் வருகிறது. அதிலும் ஒரு வயது நிறைவதற்கு முன் அதிகம், ஆண் குழந்தைகளுக்குக் கொஞ்சம் கூடுதல். இந்த வயதில் பெரும்பாலும் தனியாக ஒரு காரணம் அகப்படாது. சளி, வயிற்றுப்போக்கு என்று ஏதாவது வைரஸ் தொற்று வந்து போன பிறகு குடலில் நெறி கட்டியிருக்கும், அந்த வீங்கிய இடத்தைக் குடல் முன்னால் தள்ளிக்கொண்டு போகும்போது மாட்டிக்கொள்கிறது என்று எங்கள் டாக்டர் விளக்கினார். எங்கள் பையனுக்கும் அதற்கு முந்தைய வாரம்தான் சளி பிடித்திருந்தது.

முதல் தடவை நாங்கள் போன கிளினிக்கில் வாயு என்றார்கள். சளியும் ரத்தமுமாக மலம் போனதும் சீதபேதி என்றார்கள். இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு நடக்கிறது. விட்டுவிட்டு அழுகை, வாந்தி, ரத்தம் கலந்த மலம் என்று மூன்று அடையாளம் சொல்வார்கள். ஆனால் மூன்றும் சேர்ந்து வருவது பாதிக்கும் குறைவான குழந்தைகளுக்குத்தான். ரத்தம் வருவது பல நேரம் கடைசியில். அதற்காகக் காத்திருந்தால் நேரம் போய்விடும்.

நான் பார்த்த வரையில் நம்பக்கூடிய அடையாளம் அந்த அழுகையின் இடைவெளிதான். நன்றாக விளையாடிக்கொண்டிருந்தவன் திடீரென்று வீறிடுவான். இரண்டு முழங்காலையும் வயிற்றோடு சேர்த்து மடக்குவான். முகம் வெளுத்துவிடும், நெற்றியில் வியர்க்கும். இரண்டு மூன்று நிமிடம் இருக்கும், அப்புறம் சுவிட்சைப் போட்டு நிறுத்தின மாதிரி நின்றுவிடும். நாமும் "சரி, விட்டுடுச்சு" என்று மூச்சு விடுவோம். கால் மணி, இருபது நிமிடத்தில் மறுபடியும் அதே வீறல். பசி அழுகைக்கும் பல் முளைக்கிற அழுகைக்கும் இப்படி ஒரு கணக்கு கிடையாது. நேரம் ஆக ஆக இடையில் வரும் அமைதியில் குழந்தை விளையாடாமல் துவண்டு கிடக்கும். "அழுது அழுது அசந்து தூங்குறான்" என்று நினைத்துக்கொள்வது சுலபம். சில குழந்தைகள் அழாமல் வெறுமனே சோர்ந்து கிடப்பதும் உண்டு, அது இன்னும் மோசம்.

எங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஸ்கேன் டாக்டர் வயிற்றின் வலப்பக்கம் கருவியை வைத்ததுமே திரையில் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரிந்தது. "இதுதாம்மா" என்று விரல் வைத்துக் காட்டினார். பழகியவர் பார்த்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் இது அனேகமாகத் தப்பாது. வெறும் எக்ஸ்ரேயில் தப்பிவிடலாம். அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சும் இல்லை என்பதால் எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கலாம். இது பின்னால் எங்களுக்கு ரொம்ப உதவியது.

குளுக்கோஸ் ஏற்றி, ரத்தம் எடுத்து, குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை டாக்டர் வந்து நின்ற பிறகுதான் இனிமாவை ஆரம்பித்தார்கள். ஆசனவாயில் ஒரு ரப்பர் குழாய், உள்ளே அதன் நுனியில் சின்ன பலூன். தண்ணீர் வெளியே வராமல் இருக்கப் பிட்டம் இரண்டையும் சேர்த்துப் பிளாஸ்திரி ஒட்டி, சிஸ்டர் கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வெதுவெதுப்பான சலைன் பாட்டில் மேசைக்குச் சுமார் மூன்று அடி மேலே தொங்கியது. தண்ணீர் இறங்க இறங்க அந்த வட்டம் பெருங்குடல் வழியாகப் பின்னால் நகர்வதைத் திரையில் பார்த்தோம். வலது பக்கம் கீழே, சிறுகுடல் வந்து சேரும் வாசலில் போய் அது நின்றுகொண்டது. டாக்டர் அவசரப்படவில்லை. பாட்டிலை இறக்கிக் கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி உயர்த்தினார். ஒரு நொடியில் வட்டம் காணாமல் போய், சிறுகுடலுக்குள் தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது. அப்படிப் பாய்வதைக் கண்ணால் பார்த்தால்தான் முழுசாக விடுபட்டதாக அர்த்தம் என்றார். அதுவரை வீறிட்டுக்கொண்டிருந்தவன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான்.

சில ஆஸ்பத்திரிகளில் தண்ணீருக்குப் பதில் எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே காற்றைச் செலுத்துவார்கள். எந்த முறையானாலும் பத்துக்கு எட்டு, ஒன்பது குழந்தைகளுக்கு இதிலேயே சரியாகிவிடுகிறது. குடலில் ஓட்டை விழும் ஆபத்து மிகக் குறைவு, ஏறக்குறைய நூற்றில் ஒன்று. அதனால்தான் அறுவை சிகிச்சை டாக்டர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்கிறார்கள். வயிறு இறுகிப்போய், நாடி விழுந்து, குழந்தை அதிர்ச்சி நிலைக்குப் போயிருந்தால் இனிமாவுக்கே வழியில்லை, நேராக ஆபரேஷன்தான். சீக்கிரம் போவதன் பலன் இதுதான்.

டிஸ்சார்ஜ் அன்று ஊசிக் குழாயைக் கழற்றிக்கொண்டே அந்த சிஸ்டர் சொன்னார்: "அம்மா, இது திரும்ப வரக்கூடியது. ரெண்டு நாள் நல்லா கவனிங்க. அதே மாதிரி அழுதான்னா காலையில பாத்துக்கலாம்னு இருந்துடாதீங்க. எந்நேரமானாலும் வாங்க."

மறுநாள் சாயந்திரம் வரை பையன் நன்றாகத்தான் இருந்தான். பால் குடித்தான், தவழ்ந்தான். ராத்திரி என் அத்தைதான் முதலில் கவனித்தார். மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டு, "அம்மாடி, இவன் அழுகையப் பாரு. விட்டு விட்டு வருது. அன்னிக்கு அழுத மாதிரியே இருக்கு" என்றார். நாங்கள் இருவரும் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தோம். அடுத்த வீறல் கால் மணி நேரத்துக்குள் வந்தது. அதை என் போனில் வீடியோ எடுத்தேன்.

அழுகைச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து வந்தவர்கள், குடலேற்றம் விழுந்திருக்கும், நன்றாகத் தட்டுகிற பாட்டி ஒருவர் இருக்கிறார், எண்ணெய் போட்டு உருவிவிட்டால் போதும் என்றார்கள். இன்னொருவர் உரம் விழுந்திருக்கும், சேலையில் போட்டு உருட்டலாம் என்றார். அன்பினால்தான் சொன்னார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ரத்த ஓட்டம் இல்லாமல் வீங்கி, எந்நேரமும் கிழியக்கூடிய நிலையில் இருக்கும் குடலின் மேல் கையை வைத்து அழுத்தி உருவுவது உயிருக்கே ஆபத்து. உருவினதும் குழந்தை அமைதியானால் குணமாகிவிட்டது என்று தோன்றும். அது அடுத்த வீறலுக்கு முந்தைய இடைவெளியாக இருக்கலாம். அத்தையே அவர்களிடம், "நேத்துதான் ஆஸ்பத்திரியில பாத்தது. டாக்டர் கை வைக்கட்டும்த்தா, நாம வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். பெரியவர் ஒருவர் அப்படிச் சொன்னதால் பேச்சு அதோடு முடிந்தது. வீட்டில் பெரியவர்களுக்கு இதை முன்கூட்டியே விளக்கி வைப்பது நல்லது. அந்த நேரத்தில் அவர்கள் சொல்லுக்குத்தான் மதிப்பு.

ராத்திரி டூட்டியில் இருந்த டாக்டருக்குத் தயக்கம். நாங்கள் போனபோது குழந்தை இடைவெளியில் அமைதியாக இருந்தான், வயிறும் தொட்டால் மெத்தென்று இருந்தது. இனிமா கொடுத்த வயிறு, கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும், காலை வரை பார்க்கலாம் என்றார். வீடியோவைக் காட்டினேன். அதில் நேரம் இருந்தது. பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கையில் கொடுத்தேன். "சார், இது அதே அழுகைதான். ஸ்கேன் மட்டும் ஒரு தடவை பாத்துடுங்க" என்றேன். பார்த்தார்கள். அதே இடம், அதே வட்டம்.

என் வீட்டுக்காரருக்குக் கோபம். "நேத்து சரியா எடுக்கலையா?" என்று கேட்டேவிட்டார். அறுவை சிகிச்சை டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். முழுதாக விடுபட்டதைத் திரையில் எல்லோரும்தான் பார்த்தோம். ஆனால் நெறி கட்டிய வீக்கம் உடனே வடியாது. நேற்று எது இழுத்துக்கொண்டு போனதோ அது இன்னும் அங்கேயே இருக்கிறது. அதனால்தான் திரும்பி வருகிறவற்றில் கணிசமானவை முதல் இரண்டு நாளுக்குள்ளேயே வருகின்றன, மீதியில் பெரும்பாலானவை ஆறு மாதத்துக்குள். அதற்குப் பிறகு வரவே வராது என்று இல்லை, ஆனால் குறைவு.

அடுத்து நான் கேட்டது, இதே நிலையில் இருக்கும் எல்லா அம்மாக்களும் கேட்பதுதான்: "பேசாம ஆபரேஷன் பண்ணிட்டா ஒரேயடியா தீர்ந்துடாதா சார்?" தீராது. ஆபரேஷனிலும் பெரும்பாலும் குடலை வெட்டுவதில்லை. நுழைந்த பகுதியைப் பின்னாலிருந்து மெல்லப் பிதுக்கி வெளியே கொண்டுவருவார்கள், பிடித்து இழுக்க மாட்டார்கள். அப்படிச் செய்த பிறகும் நூற்றில் சில குழந்தைகளுக்குத் திரும்ப வருவது உண்டு. குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருந்தால் மட்டும் அந்த இடத்தில் மறுபடி வருவது அபூர்வம். ஆனால் நல்ல குடலை அதற்காக யாரும் வெட்ட மாட்டார்கள். மறுபடி வந்ததற்கு மறுபடியும் இனிமாவே போதும், முதல் தடவை அளவுக்கே பலன் தரும் என்றார். அப்படியே ஆயிற்று. இந்தத் தடவை தண்ணீர் வாசலில் நிற்கக்கூட இல்லை, சட்டென்று பாய்ந்துவிட்டது. நேரத்தோடு வந்ததால் வீக்கம் குறைவு என்றார் ஸ்கேன் டாக்டர்.

இரண்டாவது தடவைக்குப் பிறகு அவனுக்குக் காய்ச்சல் வந்தது. குடல் விடுபட்ட பிறகு ஓரிரு நாள் காய்ச்சல் அடிப்பது பல குழந்தைகளுக்கு உண்டு. முதலில் போகும் மலத்தில் உள்ளே தங்கியிருந்த பழைய ரத்தம் கொஞ்சம் கலந்திருக்கலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். ஆனால் எதையும் நாமே முடிவு கட்ட வேண்டாம். காய்ச்சலோ ரத்தமோ தெரிந்தால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். காய்ச்சலோடு வயிறு உப்பி இறுகினாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, புதிதாக ரத்தம் வந்தாலோ காத்திருக்கவே கூடாது. நாங்கள் சில மணி நேரம் வாய் வழியாக எதுவும் கொடுக்காமல் வைத்திருந்து, பிறகு தாய்ப்பால் ஆரம்பித்தோம்.

சாப்பாட்டைப் பற்றி ஆளுக்கொன்று சொன்னார்கள். வாழைப்பழம் கூடாது, கேழ்வரகு கூடாது, பருப்பு கூடாது. நான் நேரடியாகவே டாக்டரிடம் கேட்டேன். இதை வராமல் தடுக்கும் சாப்பாடு என்று எதுவும் கிடையாது, வரவழைக்கும் சாப்பாடு என்று ஒன்றை ஒதுக்கவும் வேண்டாம், வயதுக்கு ஏற்றதை வழக்கம்போல் கொடுங்கள் என்றார். பிள்ளையைப் பட்டினி போட்டு மெலியவிட்டதுதான் மிச்சம் என்று ஆகக் கூடாது.

சொட்டு மருந்தால்தான் வந்தது என்றும் ஒரு பேச்சு வந்தது. குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் ரோட்டா வைரஸுக்கு எதிரான சொட்டு மருந்து தமிழ்நாட்டில் 2017 முதல் அரசு தடுப்பூசித் திட்டத்தில் 6, 10, 14 வாரங்களில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. இந்தப் பேச்சுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அமெரிக்காவில் முதலில் வந்த ஒரு ரோட்டா தடுப்பு மருந்தால் சுமார் பத்தாயிரத்தில் ஒரு குழந்தைக்குக் குடல் செருகல் வருவதாகத் தெரிந்து 1999இல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது இருப்பவை வேறு மருந்துகள். வெளிநாடுகளில் அவற்றாலும் மிகச் சிறிய ஆபத்து, அதுவும் பெரும்பாலும் முதல் தவணைக்குப் பிந்தைய ஒரு வாரத்தில், பதிவாகியிருக்கிறது. இந்தியாவில் கொடுக்கப்படும் மருந்தை வைத்து இங்கே நடந்த ஆய்வில் அப்படிக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. என் மகன் கடைசித் தவணை எடுத்துப் பல மாதம் கழித்துத்தான் இது வந்தது. இதைக் காரணம் காட்டி யாரும் தங்கள் குழந்தைக்குச் சொட்டு மருந்தைத் தவிர்க்க வேண்டாம், வயிற்றுப்போக்கில் போகிற உயிர்கள் நிறைய. ஒன்றே ஒன்று: குடல் செருகல் ஏற்கெனவே வந்த குழந்தைக்கு ரோட்டா தவணை ஏதாவது பாக்கி இருந்தால் அதைக் கொடுக்கக் கூடாது. தடுப்பூசி போடும் சிஸ்டரிடம் நாமாகச் சொல்லிவிட வேண்டும். மற்றத் தடுப்பூசிகளுக்கு இந்தத் தடை கிடையாது.

ஒன்றேகால் வயதில் வந்தபோது நாங்கள் தயாராக இருந்தோம். அதற்கு முன் மூக்கொழுகல், இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. அழுகையின் கணக்கு தெரிந்த உடனே பால் கொடுப்பதை நிறுத்தினேன், ஒருவேளை மயக்க மருந்து தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பது நல்லது. வயிற்றுவலி சொட்டு, கிரைப் வாட்டர், பேதி நிற்க மருந்து எதுவும் கொடுக்கவில்லை. வலியை மறைத்துவிட்டால் நமக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் பழைய டிஸ்சார்ஜ் பேப்பர்கள், ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகை எல்லாம் இருந்தன, அவற்றின் படங்கள் என் போனிலும் அத்தை போனிலும். எங்களுக்கு எட்டுகிற தூரத்தில் எந்த ஆஸ்பத்திரியில் ராத்திரியிலும் ஸ்கேன் எடுப்பார்கள், குழந்தைகள் அறுவை சிகிச்சை டாக்டர் இருப்பார், இனிமா செய்வார்கள் என்பதை முன்பே விசாரித்து எண்ணை எழுதி வைத்திருந்தோம். பக்கத்தில் இருக்கிற சின்ன கிளினிக்கில் போய் நேரத்தைச் செலவழிக்காமல் இருக்க இது ரொம்ப முக்கியம். வண்டி இல்லாதவர்கள் 108ஐக் கூப்பிட்டு, "குடல் செருகல் வந்த குழந்தை, திரும்ப வந்திருக்கு" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

ஸ்கேனில் சில நேரம் சிறுகுடலுக்குள் சிறுகுடல் கொஞ்ச தூரம் நுழைந்திருப்பது தற்செயலாகத் தெரியும். குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும், வலியே இருக்காது. அது பெரும்பாலும் தானாகவே விடுபட்டுவிடும். எங்களுக்கும் ஒரு தடவை ரிப்போர்ட்டில் அப்படி வந்து பதறிப்போனோம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்த்தபோது ஒன்றும் இல்லை. ரிப்போர்ட்டில் அந்தப் பெயரைப் பார்த்ததும் கலங்காமல், எந்த இடம், எவ்வளவு நீளம் என்று கேளுங்கள்.

எங்கள் மகனுக்கு ஒரு தடவைக்கு மேல் திரும்பியதால் உள்ளே வேறு காரணம் இருக்கிறதா என்றும் தேடினார்கள். பிறவியிலேயே சிறுகுடலில் ஒரு சின்னப் பை போல நீட்டிக்கொண்டிருக்கும் மெக்கல் பை, குடலில் பாலிப் என்கிற சதை வளர்ச்சி, நீர்க்கட்டி, அபூர்வமாகப் புற்றுநோய்க் கட்டி என்று சில காரணங்கள் உண்டு. காலில் ஊதா நிறப் புள்ளிகள் வரும் ஒரு வகை ரத்தக்குழாய் அழற்சியிலும் குடல் செருகிக்கொள்ளும். ஒரு வயதுக் குழந்தைக்கு இவை இருப்பது குறைவு, வயது ஏற ஏறச் சந்தேகப்பட வேண்டும். அவனுக்கு நெறி கட்டியதைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

இந்த வருஷம் அங்கன்வாடியில் சேர்த்தபோது டீச்சரிடம் அந்த வீடியோவைக் காட்டி, இப்படி விட்டுவிட்டு அழுதால் உடனே போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன். இனி இந்த வயதில் வந்தால் இனிமாவோடு நிறுத்தாமல் காரணத்தை மறுபடி முழுசாகத் தேட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதையும் அவர் கையாலேயே எழுதி வாங்கி ஃபைலில் முதல் பக்கமாக வைத்திருக்கிறேன்.